ஊசிமுனைப் பாணிகள்

இசைத்தட்டை வாத்தியமாக்கிய கலைக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி விருந்துகளில், டி.ஜே. கூல் ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டின் மேல் கிரேயானால் குறி போட்டு, அதே இடத்துக்குப் பிசகாமல் திரும்பும் வழியைக் கண்டார். தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும்போது எழும் 'ஸ்க்ராட்ச்' ஓசையை இசையாக்கியவர் கிராண்ட் விசார்ட் தியோடர். அப்போது அவர் சிறுவன்தான்.

கருவியும் கைகொடுத்தது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 டர்ன்டேபிளில் பெல்ட் கிடையாது. தட்டு வைக்கும் பீடத்தை மோட்டாரே நேராகச் சுழற்றும். தட்டைக் கையால் நிறுத்தினாலும் அடியில் பீடம் சுழன்றுகொண்டே இருக்கும். கையை எடுத்ததும் பாட்டு பழைய வேகத்தைப் பிடித்துவிடும்.

பிலடெல்பியா பாணி, ஒலியைத் திறந்து மூடும் ஃபேடரை நம்பியது. ஜாஸி ஜெஃப், கேஷ் மணி ஆகியோர் கையில் நீண்ட ஒலியொன்று துண்டு துண்டாக வெட்டுப்பட்டு விழும். இதை டிரான்ஸ்ஃபார்மர் என்பார்கள். நியூயார்க்கில் ஸ்டீவ் டீயும் எக்ஸ்-மென் குழுவினரும் பீட் ஜக்ளிங்கை வளர்த்தார்கள். இரு தட்டுகளிலிருந்தும் ஒவ்வோர் அடியாகப் பொறுக்கி, மூலப்பாட்டில் இல்லவே இல்லாத தாளத்தைக் கட்டும் முறை இது. என் மனம் சாய்வது இந்தப் பாணியிடம்தான். வேகம் அடங்கிய பிறகும் அதன் கட்டுமானம் காதில் நிற்கிறது.

சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பிலிப்பினோ அமெரிக்க இளைஞர்களோ ஸ்க்ராட்சையே மொழியாக்கினார்கள். அவர்களில் ஒருவரான க்யூபர்ட்டின் 'கிராப்' உத்தியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கையின் கட்டைவிரல் ஃபேடரை ஒருபக்கமாக அழுத்தி நிற்க, மற்ற விரல்கள் வரிசையாக அதை எதிர்ப்பக்கம் தட்டிச் செல்லும். மறுகை தட்டை ஒருமுறை இழுப்பதற்குள் மூன்று நான்கு வெட்டுகள் விழுந்துவிடும்.

டி.ஜே.க்களுக்கான டி.எம்.சி. உலகப் போட்டியில் பாட்டுகளைச் சீராக இணைப்பதே முதலில் திறமையாகக் கருதப்பட்டது. 1986இல் டி.ஜே. சீஸ் ஸ்க்ராட்ச் செய்து பட்டம் வென்றார். போட்டியின் போக்கே மாறியது. ஏ-ட்ராக் 1997இல் தம் 15ஆம் வயதில் வென்றார். 1998 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து கிரேஸ். 2002இல் ஜப்பானின் கென்டாரோ. இங்கே வெல்ல, வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும், தாளம் நழுவக்கூடாது, பிறர் உத்தியைத் திருடக்கூடாது. இந்தத் திருட்டுக்கு 'பைட்டிங்' என்று பெயர். களத்தில் இதைவிட இழுக்கான குற்றச்சாட்டு இல்லை.

இத்தகைய சாம்பியன் ஒருவர் உள்ளூர் கிளப்பில் ஓர் இரவு முழுக்க வாசிக்க வரும்போது அளவுகோல் வேறாகிறது. போட்டியில் ஆறு நிமிடம், கேட்பவர்கள் துறையறிந்தவர்கள். இங்கே ஆட வந்த கூட்டம். ஓயாமல் ஸ்க்ராட்ச் செய்தால் கால்கள் நின்றுவிடும். எட்டுச் சுற்று கைவித்தை காட்டி, பாட்டின் பல்லவி விழும் அதே அடியில் தட்டை விடுகிறவரே தேர்ந்தவர். ஜாஸி ஜெஃப்பிடம் இந்த நிதானம் குறைவில்லாமல் உண்டு. பட்டங்களைவிட நான் மதிப்பது இதைத்தான்.

அழைக்கும் கிளப்காரர்களுக்கும் பொறுப்பிருக்கிறது. பாஸ் ஒலிபெருக்கியின் அதிர்வு மேசைக்கு ஏறினால் எவ்வளவு பெரிய கலைஞரின் ஊசியும் தாவும். மேசை அசையாமல் கனமாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், கலைஞரின் இரு கைகளும் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்படி மேடையும் விளக்கும் அமைய வேண்டும்.