கயிற்றை அறுத்த பிறகு

தென் மாவட்டப் பள்ளி ஒன்றின் வாசலில், காலை மணி அடிக்கும் முன் உடற்கல்வி ஆசிரியர் கத்தரிக்கோலோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை நீட்டினான். கயிறு அறுந்து விழுந்தது. மணிக்கட்டில் வெயில் படாத இடம் மட்டும் வெளிறி ஒரு வளையமாகத் தெரிந்தது. அதை இன்னொரு கையால் மூடிக்கொண்டு வகுப்புக்குள் போனான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது. வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வேண்டும். பரிந்துரைகள் பலவற்றில் வளரிளம் பருவத்து நட்பை நேராகத் தொடுபவை இவ்விரண்டும்தான்.

இவற்றின் நியாயம் வலுவானது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அந்த வழியில் வந்த தமிழ்நாட்டில் வருகைப் பதிவேட்டைப் படித்தால் யார் என்ன சாதி என்று பெரும்பாலும் தெரியாது. பெயர் சொல்லாமல் விட்டதைக் கயிறு சொல்லிவிடுகிறது. புதிதாக வரும் பையன் வாய் திறக்கும் முன்பே அவனுக்கு யார் நண்பன், யார் எதிரி என்று அது முடிவு செய்துவிடுகிறது. அகரவரிசை அந்த முடிவைக் கலைக்கிறது. பக்கத்தில் இருப்பவனிடம் காம்பஸ் கடன் வாங்கியாக வேண்டும்; கணக்கு புரியாவிட்டால் அவனைத்தான் கேட்டாக வேண்டும். நட்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆனால் தடைக்கு எட்டாத ஓர் இடம் இருக்கிறது. பதினான்கு வயதில் வீட்டுப் பிள்ளை என்ற அடையாளம் போதவில்லை. தனக்கென ஒன்று இன்னும் உருவாகவும் இல்லை. ‘நான் யார்’ என்ற அந்தக் குழப்பத்திலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவே இளையோர் கூட்டம் சேர்கிறார்கள், மற்றவர்களை இரக்கமின்றி ஒதுக்குகிறார்கள் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-லேயே எழுதினார். கயிறு அந்தக் கேள்விக்குக் கையில் கிடைத்த விடை. விடையைப் பிடுங்கினாலும் கேள்வி அப்படியே நிற்கும். அதனால்தான் நிறம் கயிற்றிலிருந்து சைக்கிளுக்கும் பனியனுக்கும் செல்போன் ஸ்டேட்டஸுக்கும் இடம் மாறுகிறது.

இன்னொரு குறை, கோயில் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று வாசலில் நின்று பிரிக்க முடியாது. சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இல் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கைக்கு எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் அறிவித்துவிட்டார். தவிர, கயிற்றுக்கு அர்த்தம் கொடுத்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். வாசலில் தலைகுனிந்து நிற்பவன் பையன்.

இருக்கை மாற்றமும் பாதி வழிதான் வரும். வேறுபட்ட குழுக்கள் அருகருகே இருப்பதால் மட்டும் வெறுப்பு குறையாது. சமநிலை, மேலிடத்தின் ஆதரவு ஆகியவற்றோடு பொதுவான இலக்கும் அதற்காகக் கூடி உழைப்பதும் வேண்டும் என்றார் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் (1954). அகரவரிசை முதல் இரண்டை ஓரளவு தரும். மற்ற இரண்டுக்கு, தனித்தனியே மதிப்பெண் வாங்கும் நம் வகுப்பறையில் இடமே இல்லை. மாலை மணி அடித்ததும் பேருந்து நிறுத்தத்தில் பழைய கூட்டங்கள் மீண்டும் கூடிவிடுகின்றன. ஆனால் அந்த இரண்டுக்கும் வகுப்பறையிலேயே இடம் உண்டாக்க முடியும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளிடையே பகை மூண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவன் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகும். அவனை ஒதுக்கினால் நட்டம் எல்லோருக்கும்.

கயிற்றுத் தடை தேவை. அதை எதிர்ப்போரோடு நான் இல்லை. ஆனால் அறுப்பதோடு நிறுத்தும் பள்ளி பாதி வேலையைத்தான் செய்கிறது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த கபடி அணி, ஆண்டுவிழா நாடகம், கூட்டாகச் செய்யும் அறிவியல் கண்காட்சி ஆகியவற்றுக்குக் கால அட்டவணையில் பறிபோகாத நேரம் வேண்டும். மணிக்கட்டின் வெளிறல் சில வாரங்களில் வெயிலில் மறைந்துவிடும். அதற்குள் அந்தப் பையனுக்கு ‘எங்க டீம்’ என்று சொல்ல வேறொன்று கிடைத்திருக்க வேண்டும்.