நாற்காலி வாடகையும் ஊரின் புனருத்தாரணமும்

க்ஷீணித்துவரும் சிற்றூர்களுக்கு, பல கம்பெனிக்காரர்கள் நாற்காலியை மாத வாடகைக்கு எடுத்து வேலைசெய்யும் கோ-வொர்க்கிங் கூடங்களே சஞ்சீவி என்று வாதிப்போர் இப்போது பெருகியிருக்கிறார்கள். தெலங்காணா அரசு 2020-இல் கரீம்நகரிலும் கம்மத்திலும் ஐ.டி. கட்டடங்களைத் திறந்ததும், ஹைதராபாத்தின் மேற்கே குவிந்துவிட்ட தொழிலை உப்பல் முதலான பகுதிகளுக்கும் பரப்ப அதே ஆண்டில் ‘கிரிட்’ கொள்கையை அறிவித்ததும், 2024-இல் விழுப்புரத்தில் மினி டைடல் பூங்கா எழுந்ததும் இவர்களுடைய உற்சாகத்தை வளர்த்திருக்கின்றன. நகரின் மறுகோடியிலுள்ள குஷாய்குடாவிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு நாள்தோறும் போய்வரும் அவதியை அறிந்த எவரும் இதைப் பரிகசிக்கமாட்டார். தடையற்ற மின்சாரமும், வீட்டில் மேசை போட இடமில்லாத பெண்ணுக்கு ஓர் அமைதியான அறையும் மெய்யான சௌகரியங்களே. ஆனால் சௌகரியத்தைப் புனருத்தாரணம் என்று அழைப்பதில் எனக்கு நெடுநாளாகவே சம்மதமில்லை.

குஷாய்குடாவை ஒட்டி 1967-இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய அரசின் மின்னணு நிறுவனமான ஈ.சி.ஐ.எல்., குவார்ட்டர்ஸும், அணுசக்தித் துறையின் பள்ளியும், சுற்றிலும் துணைத்தொழில் பட்டறைகளும் சூழ வளர்ந்து, தன் ஸ்தாபகர் ஏ.எஸ். ராவின் பெயரிலேயே ஒரு நகர் அருகில் உண்டாகும் அளவுக்கு இந்தப் பிரதேசத்தோடு ஒன்றிப்போனதற்குக் காரணம், அது சம்பளம் கொடுத்தது மட்டுமன்று. லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன், மேஸ்திரியின் வசவையும் வித்தையையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு, சில வருஷங்களில் தானே மெஷின் ஓட்டுகிறவனாகி, சிலவேளை சொந்தப் பட்டறையும் வைக்க வழியிருந்தது. கோ-வொர்க்கிங் கூடத்தில் யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள்? அங்கே உட்கார்ந்திருப்பவரின் முதலாளி பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரரோ வேறொரு கம்பெனியின் ரகசியங்களை ஹெட்போனுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். மாத ஒப்பந்தம் முடிந்தால் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொள்வார்கள். இவர்களை ஒரு சமூகமாக்குவதற்கென்றே ‘கம்யூனிட்டி மேனேஜர்’ என்று சம்பளத்துக்கு ஒருவரை நியமித்து, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டச் செய்கிறார்கள்; தானே உண்டாகவேண்டிய ஒன்றுக்கு உத்தியோகஸ்தர் தேவைப்படுவதே அது உண்டாகவில்லை என்பதற்கு அத்தாட்சி.

அருகிலுள்ள டீக்கடையும் மெஸ்ஸும் பிழைக்குமே என்பார்கள். பிழைக்கலாம், அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தாலும் அவை பிழைக்கும், அதற்காக எந்தக் கட்டட முதலாளியையும் ஊரின் ரக்ஷகர் என்று நாம் கொண்டாடுவதில்லை. 2005-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது, தனித்து உழைப்போரின் தனிமையைப் போக்கும் நோக்கமாவது அதில் இருந்தது. பின்னர் கை மாறி, இத்தகைய கூடங்களை வாடகைக்கு விட்ட வீவொர்க் நிறுவனம் 2023-இல் திவால் மனு கொடுத்தவரையிலான சரித்திரத்தில் அது சதுர அடிக் கணக்காகவே எஞ்சியது.

கோ-வொர்க்கிங் ஆதரவாளர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் தென்காசியோ அவர்களுக்கே எதிர்ச்சாட்சி. 2011 முதல் அங்குள்ள மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ நடத்திவருவது அதன் சொந்த அலுவலகம். கல்லூரிப் பட்டமில்லாத பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியும் அந்த நிறுவனத்துக்கு உண்டு. தென்காசியைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள விரும்புவோர், தங்கள் கூடத்தில் வாடகை கட்டாமல் உள்ளே நுழைந்து தொழில் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பிள்ளை ஒருவரையாவது முதலில் காட்டட்டும்.