மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பெட்டி

த்ராட்டில் கண்ட்ரோலர் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்னப் பெட்டி. ஆக்சிலரேட்டர் மிதியின் தலைமாட்டில் இருக்கும் ஒயர் கப்ளரைக் கழற்றி இடையில் இதைச் செருகினால் பொருத்தும் வேலை முடிந்தது. பெரும்பாலான கார்களில் ஸ்பேனர்கூட வேண்டாம். பெடல்பாக்ஸ், ரேஸ்சிப் எக்ஸ்எல்ஆர் ஆகிய ஜெர்மன் தயாரிப்புகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. ‘பிக்கப் கூடும்’ என்று சொல்லித்தான் இவை விற்கப்படுகின்றன. பெட்டியால் எதைக் கூட்ட முடியும் என்று தெரிய, மிதியை அழுத்தும்போது இன்றைய காரில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மாருதி 800-இல் மிதியையும் த்ராட்டில் தகட்டையும் ஒரு கேபிள் இணைத்தது. மெக்கானிக்குகள் அதை ‘ஆக்சிலரேட்டர் ஒயர்’ என்பார்கள். கால் அழுத்திய அளவுக்குத் தகடு திறக்கும், காற்று உள்ளே போகும். பிஎம்டபிள்யூ 1980-களின் இறுதியில் தன் 7 சீரிஸ் காரில் இந்தக் கேபிளை எடுத்துவிட்டது. இன்று சிறிய ஹேட்ச்பேக்கிலும் அது கிடையாது. காலுக்குத் தெரியும் அந்த எதிர்ப்பு, மிதிக்குள் வைத்த ஸ்பிரிங்கின் வேலை.

மிதியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். பல கார்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதைப் போல இரு மடங்கு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ இரண்டையும் ஓயாமல் ஒப்பிடுகிறது; கணக்கு பொருந்தாவிட்டால் ‘பி2138’ என்ற பிழைக்குறியைப் பதிந்து எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். பொருந்தினாலும் காலின் பேச்சை அப்படியே கேட்பதில்லை. எஞ்சின் வேகம், கியர், ஏசி, சக்கரம் வழுக்குகிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகே த்ராட்டில் பாடியிலுள்ள சிறு மோட்டாரைத் திருப்புகிறது. மிதி போடுவது விண்ணப்பம், கையெழுத்து இசியூவுடையது. தகடு எவ்வளவு திரும்பியது என்று சொல்ல அங்கும் இரண்டு சென்சார்கள். மோட்டாருக்கு மின்சாரம் நின்றுபோனால் ஸ்பிரிங் தகட்டைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்தும். வண்டி ஊர்ந்தாவது ஓரம் சேரும்.

பெட்டி தலையிடுவது விண்ணப்பத்தில் மட்டுமே. இரண்டு வோல்டேஜையும் அதே விகிதம் கெடாமல் உயர்த்துகிறது. கால் 20 சதவீதம் அழுத்தினால் 40 என்று இசியூவிடம் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கால் முழுதாக அழுத்தினால் இருப்பது 100 சதவீதம்தான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆகவே குதிரைத்திறன் ஒன்றுகூட அதிகரிக்காது. டாடா நெக்ஸான் பெட்ரோலில் வரும் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட் முறைகளும் மிதியின் கணக்கைத்தான் முக்கியமாக மாற்றுகின்றன. அத்தகைய காரில் தனிப் பெட்டி வீண் செலவு.

ஹைதராபாத்தின் கச்சிபௌலிச் சாலைகள் இதற்கு நல்ல சோதனைக்களம். விப்ரோ சர்க்கிளில் மாலை நெரிசலில் பெட்டி ஸ்போர்ட் நிலையில் இருந்தால், பெருவிரல் அசைந்தாலே வண்டி துள்ளும். உடனே பிரேக், மறுபடி துள்ளல். உட்கார்ந்திருப்பவர் தலை ஆடிக்கொண்டே வரும். பயோடைவர்சிட்டி மேம்பாலத்தின் வளைவில் இது இன்னும் மோசம். 2019 நவம்பரில் திறந்த அந்தப் பாலத்தில் வேக வரம்பு 40 கி.மீ. அந்த மாதமே அதிவேகமாக வந்த கார் ஒன்று கீழே விழுந்து, சாலையில் நின்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். வேகத்தை நூலளவு நூலளவாகக் கூட்டிக் குறைக்க வேண்டிய இடத்தில் மிதியின் நுண்மையைக் கெடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. பெட்டியின் சாந்தமான நிலை இங்கே உண்மையிலேயே உதவுகிறது, ஆனால் அதற்காக யாரும் இதை வாங்குவதில்லை. வெளிவட்டச் சாலையில் ஏறும்போது சுறுசுறுப்பு தெரியும். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பெட்டி இல்லாமலும் அது கிடைக்கும்.

இசியூ தானே செய்யும் மெத்தனத்தைப் பெட்டியால் தொட முடியாது. வண்டி குலுங்காமலிருக்க இசியூ மிதியின் கோரிக்கையை மெதுவாக்குகிறது. கியர் மாற்றக் காலை எடுத்த பிறகும், புகை மாசைக் குறைக்க, தகட்டைச் சற்றுத் திறந்தே வைப்பதுண்டு. டர்போ தாமதமும் அப்படியே இருக்கும். சென்னையிலிருந்து வந்த டர்போ இல்லாத கார் ஹைதராபாத்தில் சற்றுச் சோர்வதற்குக் காரணம், ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பது. காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு. இல்லாத காற்றை எந்தப் பெட்டியும் கொண்டுவராது.

பாதுகாப்பில் ஒரு நிம்மதி உண்டு. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் ஆக்சிலரேட்டரைப் புறக்கணிக்கும் வசதி இசியூவுக்குள் இருக்கிறது. அது உள்ள கார்களில், பெட்டி இருந்தாலும் அது வேலை செய்யும். டொயோட்டா கார்கள் தாமாகவே பாய்ந்ததாக 2009, 2010-இல் அமெரிக்காவில் புகார்கள் குவிந்தபோது, நாசா பொறியாளர்கள் மின்னணுப் பகுதியை ஆராய்ந்தார்கள். ஆபத்தான அளவுக்கு த்ராட்டில் திறக்க அதில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மிதியில் சிக்கிய ஃப்ளோர் மேட்டும் திரும்பாமல் ஒட்டிக்கொண்ட மிதியும்தான் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த குறைகள். மேட் மேல் மேட் போடும் நம் ஊர் வழக்கத்தில் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் ஒயரையும் மிதி அசையும் இடத்திலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும்.

மிதி மந்தமாகிவிட்டது என்று தோன்றினால் பெட்டி வாங்குவதற்கு முன் த்ராட்டில் பாடியைத் திறந்து பார்ப்பது மலிவு. தகட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐடிலிங் தடுமாறும், மிதியின் தொடக்கம் சீராக இருக்காது. துடைக்கும்போது இக்னிஷன் ஆனில் இருக்கையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே இருப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். சுத்தம் செய்த பிறகு பல கார்களில் தகட்டின் மூடிய நிலையை இசியூவுக்கு ஸ்கேனர் வழியே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.