எண்ணிக் கொடுத்ததும் பார்த்துக் கொடுத்ததும்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பச்சை பெல்ட் இன்னமும் கிடக்கிறது. எட்டாம் வகுப்பில் வாங்கியது. திருச்செங்கோட்டில் நான் படித்த பள்ளியில் நாலு மணிக்கு மேல் கராத்தே வகுப்பு நடக்கும். மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட். பணம் கட்டியவர்கள் எல்லோரும் பாஸ். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஒரு வருஷத்துக்குள் பச்சைக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சான்றிதழ், குரூப் போட்டோ.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு நாமக்கல்லில் வேலை. அங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் ஒன்றின் பின்பக்கக் கொட்டகையில் ஒருவர் கராத்தே சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் என் இடுப்பைப் பார்த்தார். “ஒரு கட்டா போடு தம்பி.” போட்டேன். கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, “இத யாரு குடுத்தாங்க?” என்றார்.

“ஸ்கூல்ல, மாஸ்டர்.”

“செரி. நாளைக்கு வெள்ளையக் கட்டிட்டு வா.”

ஒன்றரை வருஷம் வெள்ளையிலேயே இருந்தேன். “காசு கட்டி வாங்குனத அவுக்கச் சொல்றதுக்கு அவுரு யாருடா?” என்று அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கும்போதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருவனுக்கு ஒரு தரத்தைக் கொடுக்கிறவர் யார், மறுக்கிறவர் யார்?

இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள். பழைய குரு உசத்தி, இன்றைய செயலிகள் கொடுக்கும் பேட்ஜ் எல்லாம் மட்டம் என்று. அவ்வளவு சுலபமில்லை. பெல்ட்டே ஒரு பேட்ஜ்தான். காலங்காலமாகக் கட்டிய வெள்ளை பெல்ட் அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பானது என்றொரு கதை சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை. ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகளில் சீடனுக்கு எப்போதாவது ஒரு சுருள் ஓலை மாதிரி உரிமப் பத்திரம் கிடைக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல வருஷம் ஓடிவிடும். 1882இல் கோடோகன் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, அந்த நீண்ட இடைவெளியில் மாணவர்கள் சோர்ந்துபோவார்கள் என்று நினைத்தார். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்த ‘டான்’ தரவரிசையை எடுத்துக்கொண்டு 1883இல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். கராத்தேவில் ஃபுனாகோஷி அதைப் பின்பற்றியது 1924இல்தான். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை பரவியது அதற்கும் பிறகு, ஐரோப்பாவில். அதாவது கானோ செய்ததும் எங்கள் துறையில் பிராடக்ட் மேனேஜர் செய்வதும் ஒரே வேலைதான். தூரமான இலக்கைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டிக் கொடுப்பது.

அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். முன்பு இருந்த ஒரு அலுவலகத்தில், பொழுதுபோக்குச் செயலி ஒன்றுக்கு பேட்ஜ் அமைப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘இன்னும் இரண்டே பதிவு, வெள்ளிப் பதக்கம் உங்களுக்கு’ என்று போனைச் சிணுங்க வைக்கும் நிரல் என் கையால் எழுதியது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை வைத்து 2013இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேட்ஜ் நெருங்க நெருங்க ஆட்கள் அந்தக் குறிப்பிட்ட செயலை அதிகமாகச் செய்கிறார்கள். கையில் கிடைத்ததும் வேகம் சடாரென்று இறங்குகிறது. படித்தபோது என் பச்சை பெல்ட் ஞாபகம் வந்தது. டெஸ்டுக்கு முந்தைய வாரம் மொட்டைமாடியில் விழுந்து விழுந்து பயிற்சி செய்வேன். மறுவாரம் மட்டம்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். ஹாக்டோபர்ஃபெஸ்டில் திறமூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம். நம் ஊர் கல்லூரிப் பையன்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் யாரோ எழுதிய விளக்கக் கோப்பில் ஒரு வார்த்தையைக் கூட்டிவிட்டு, நாலு கணக்கை முடித்தார்கள். அந்தக் குப்பையைக் கூட்டியது சம்பளமில்லாமல் அந்தத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் வளர்ந்தது நாமக்கல்லில். முட்டையை எண்ணுகிற ஊர். மார்க்கையும் அப்படித்தான் எண்ணினோம். மாநிலம் முழுக்கப் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பைபாஸ் முழுக்க ஃபிளெக்ஸ். 2017 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது, மாநில முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. எங்கள் தெருவில் அன்று ஒருமாதிரி இழவு வீட்டு அமைதி. யார் ஃபர்ஸ்ட் என்று தெரியாமல் எப்படி சந்தோஷப்படுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதுவரைக்கும் மாஸ்டர் பக்கம்தான் பேசியிருக்கிறேன். இனி என் தங்கச்சி பக்கம்.

பட்டறைக் கொட்டகைக்கு அவளும் வர ஆசைப்பட்டாள். அப்பா கூட்டிக்கொண்டு போனார். “பொம்பளப் புள்ளைங்கள சேத்துக்கறதில்லீங்க” என்றார் மாஸ்டர். கோபமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார். என் கட்டாவைக் கடைசி வரைக்கும் பார்த்த அதே கண், அவள் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் தன் பள்ளியில் மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட் கொடுக்கும் வகுப்பில் சேர்ந்து பிரவுன் வரை போனாள். இந்தக் கட்டுரைக்காக அவளிடம் போனில் பேசினேன். “எனக்கும் தெரியும்ணா, அது காசுக்கு வந்த பெல்ட்டுன்னு. ஆனா அந்த ஹால் கதவு தொறந்திருந்துச்சுல்ல?” என்றாள்.

பார்த்துக் கொடுப்பதன் மறுபக்கம் இதுதான். ஆசானின் கண்ணை நாம் புகழும்போது, அவர் வாசலோடு திரும்பிப் போனவர்களை மறந்துவிடுகிறோம். சாதி, பெண், ஏழை என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். எண்ணிக்கைக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. நூறு என்றால் யார் எண்ணினாலும் நூறு. வண்ண பெல்ட்டும் இணையப் பதக்கமும் இத்தனை பேரை இழுத்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. வாசலில் யாரும் நிற்கவில்லை என்பதும் காரணம்.

அப்படியானால் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்குக் கிடைத்த பதில் பறவைகளிடமிருந்து வந்தது.

மூன்று வருஷமாக ஈ-பேர்டில் பதிவு போடுகிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய தளம். யார் வேண்டுமானாலும் பார்த்த பறவையைப் பதியலாம். மாவட்டவாரியாக முதல் நூறு பேர் பட்டியல் உண்டு. அதில் ஒரு கிறுக்கு இருக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததால், மல்லூரில் பார்த்த காக்கை சேலம் கணக்கு. பைக்கில் ராசிபுரம் வந்து பார்த்தால் அதே காக்கை நாமக்கல் கணக்கில் புதுப் பறவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எல்லை தாண்டிப் போய் மைனாவை எண்ணியிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி. உயரத்தில் ஒரு பெரிய பறவை வட்டமடித்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு அரிய கழுகு. அதனால் அரிய கழுகாகவே தெரிந்தது. பதிந்தேன், ஒரு இடம் முன்னேறினேன். நாலாம் நாள் ஒரு மின்னஞ்சல். அந்தத் தளத்தில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் வடிகட்டி அதைத் தனியே எடுத்து வைக்கும். அந்தப் பகுதிப் பறவைகளைத் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்ப்பார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவு பொதுத் தரவில் சேராது. உங்கள் சொந்தப் பட்டியலில் மட்டும், பீரோவில் பெல்ட் கிடப்பது போல, கிடக்கும்.

என்னைத் தெரியாத அந்த மனிதர் கேட்டது மூன்று வரிதான். தலை எவ்வளவு பெரியது, கழுத்து எப்படி, வாலில் பட்டை உண்டா, படம் இருக்கிறதா. இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். புறாவுடையது போலச் சின்னத் தலை, முன்னால் நீண்ட கழுத்து. தேன்பருந்து. கழுகு மாதிரி தெரிந்து ஏமாற்றுவதில் அது பேர்போனது. பதிவைத் திருத்தினேன். ஒரு இடம் இறங்கினேன்.

வெள்ளையைக் கட்டச் சொன்ன நாளில் வந்த அதே எரிச்சல் இப்போதும் வந்தது. ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த ஆள் என்னை உள்ளே விடுவதற்கு முன் எதையும் கேட்கவில்லை. நான் யார், ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே வந்து நான் சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கேட்டார். காரணத்தோடு கேட்டார். என்னிடம் ஆதாரம் இருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அன்று மாஸ்டரிடம் அப்பா கேட்ட “அவுரு யாருடா” என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: பறவையைத் தெரிந்தவர், காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

எனவே ஒரு பேட்ஜையோ பெல்ட்டையோ எடைபோட நான் இப்போது இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். உள்ளே வர யாரிடமாவது அனுமதி வேண்டுமா? வந்த பிறகு, ‘இது தப்பு’ என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? என் பள்ளிக்கூடத்து பெல்ட் முதலாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது. மாஸ்டர் நேரெதிர். நான் எழுதிய செயலியும் பள்ளிக்கூடத்து பெல்ட் ஜாதிதான். அதில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வழியே வைக்கவில்லை. கேள்வி கேட்டால் பயனர்கள் போய்விடுவார்கள் என்று அப்போது நினைத்தோம்.

தங்கச்சியிடம் தேன்பருந்து கதையைச் சொன்னேன். சிரித்தாள். “எனக்கு அந்த மாதிரி ஒருத்தர் அமைஞ்சிருந்தா நானும் வெள்ளையக் கட்டிருப்பேண்ணா” என்றாள்.