வளாகமும் பாத்தியும்

மரக்காணம் உப்பளம், சாலையில் போகிறவருக்கு வெறும் காட்சி. உண்மையில் அது கறாராகத் திட்டமிட்ட வெளி. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் சுண்டவைக்கும் அந்த ஏற்பாட்டில் நிழலுக்கு இடமே கிடையாது. நாளெல்லாம் வரப்பில் நடந்து உப்புச் சுமக்கிற பெண்ணிடம், 'தினமும் நடங்க, உடம்புக்கு நல்லது' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே நடைக்குப் பெயர் கூலி வேலை.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் காலாப்பட்டு. 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம், ஏறத்தாழ 800 ஏக்கர். அதே வெயில், அதே கடற்காற்று. இங்கே நடை 'ஆரோக்கியம்' ஆகிவிடுகிறது. அதையும் மாணவரின் தனிப்பட்ட ஒழுக்கமாகவே பேசுகிறோம்: 'பசங்க சோம்பேறி, பைக் இல்லாம நகரமாட்டானுங்க.'

இந்தப் பேச்சு எவ்வளவு பொய் என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பார்க்கலாம். 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த வளாகம் அது. விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே மரநிழல் சாலை. மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதியில்லை. ஆகவே சைக்கிள். மிதிக்கிறவர்கள் எல்லோரும் உடற்பயிற்சிப் பிரியர்களா என்ன? வேற வழியில்ல, மிதிக்கிறாங்க. பழக்கத்தை வரைபடமும் விதியும் சேர்ந்து உண்டாக்கின.

ஆனால் வரைபடத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்த முடியாது. பள்ளியும் ஆலையும் மருத்துவமனையும் சிறையை ஒத்திருப்பதை ஃபூக்கோ 1975இல் எழுதினார். வெளியைப் பங்கிடுவதோடு நேரத்தைப் பங்கிடுவதும் அங்கே அதிகாரத்தின் வேலை. நம் ஊரில் மைதானம் குளிர்வதே மாலை ஆறுக்கு மேல். நான் படித்த இடத்தில் பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு அடைபடும். ஓட ஆசைப்பட்ட தோழிகளுக்கு ஓடுபாதை சன்னல் வழியே தெரிந்தது. 2015இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ஜரா தோட்' (கூண்டை உடை) என்று எழுந்தது இத்தகைய பூட்டுகளுக்கு எதிராகத்தான். அதை உடல்நலக் கோரிக்கையாகவும் வாசிக்க வேண்டும்.

பஸ்ஸில் வந்துபோகிற உப்பளத்துப் பிள்ளையின் கதை இன்னொன்று. வகுப்பு முடிந்ததும் அவளும் ஓடத்தான் செய்கிறாள், பஸ்ஸைப் பிடிக்க. அம்மாவுக்கு நிழலில்லாத நடை. மகளுக்கு நிழலிருந்தும் நடக்க நேரமில்லை. வளாகத்தின் ஆரோக்கியத்தை ஏக்கர் கணக்கில் அளக்கிறவர்கள் இந்த இருவரையும் அளவில் சேர்ப்பார்களா?