முத்துக்குப் பெருமை, உப்புக்கு இரக்கம்

தூத்துக்குடி என்றதும் தமிழ் எழுத்துக்கு இரண்டு வெள்ளைப் பொருள்கள்தாம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று முத்து, இன்னொன்று உப்பு. முத்து என்றால் மார் தட்டுவார்கள். உப்பு என்றால் 'ஐயோ பாவம்' என்பார்கள். இந்தப் பெருமையும் இந்தப் பாவமும் வேலை செய்கிறவர்களின் வாயை அடைக்கிற இரண்டு துணிகள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் முத்தைப் பார்ப்போம். கொற்கை முத்து சங்கப் பாட்டில் உண்டு, பள்ளிப் பாடத்தில் உண்டு, மேடைப் பேச்சில் தவறாமல் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் குறிப்பையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அதே குறிப்பு, அங்கே முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. அந்தச் செய்தி மட்டும் மேடை ஏறுவதில்லை. பாண்டியன் கழுத்தில் தொங்கியது தமிழன் பெருமை என்றால், மூச்சை அடக்கிக் கீழே போனவன் யாருடைய பெருமை?

வெளிநாட்டுக்காரனும் இதில் சளைத்தவனல்ல. பிரெஞ்சு இசைக்காரர் பிசே 1863இல் இலங்கைக் கரையை வைத்து முத்துக் குளிப்பவர்களைப் பற்றி ஓர் இசை நாடகம் போட்டார். காதலும் நட்பும் சத்தியமும் பாட்டாய் வழிகிறது. சிப்பி அழுகிய நாற்றம் அடிக்கவேயில்லை. உண்மையில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் பாதி வேலை அந்த நாற்றத்தில்தான் நடந்தது. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்குவார். மேலே ஒருவர் கயிறு பிடிப்பார், படகில் ஊறுகிற தண்ணீரை ஒருவர் இறைப்பார். கரைக்கு வந்த சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்க்க, கையை விட்டு அலசுவார்கள். ஆங்கிலேயர் காலத்து இலங்கைக் குளிப்பில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காருக்கு, ஒரு பங்குதான் படகுக்காரர்களுக்கு. குளித்த பரதவரும் முஸ்லிம்களுமாவது ஓவியத்திலும் புத்தகத்திலும் இடம் பிடித்தார்கள். தண்ணீர் இறைத்தவரும் அழுகல் அலசியவரும் எதிலும் இல்லை.

தூத்துக்குடிப் பக்கம் பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் அதே கடலில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வாழ்த்துப்பா இல்லை. செத்த தொழிலுக்குத்தான் பெருமை. உயிரோடிருக்கிற தொழிலுக்கு மிஞ்சினால் இரக்கம்.

அந்த இரக்கத்தின் நல்ல உதாரணம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). குறை சொல்வதற்கு முன் கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், அளத்து ஜனங்களைத் தேடி வந்து கேட்டு எழுதினார். பாத்தியும் கங்காணியும் கூலிக் கணக்கும், பெண்ணின் உடம்பு மீது நீளும் கையும் அவர் நாவலில் இருக்கின்றன. அதுவரை யார் எழுதினார்கள்? ஆனால் பொன்னாச்சியும் அவளைச் சுற்றியுள்ளவர்களும் நம்முடைய மனச்சாட்சியைத் தட்டி எழுப்பவே பிறந்தவர்கள் போல நடமாடுகிறார்கள். வர்க்கம் முன்னால் நிற்கிறது, சாதி பின்னால் ஒண்டிக்கொள்கிறது. வேலை ஒரு துன்பமாகத் தெரிகிற அளவுக்கு அறிவாகத் தெரியவில்லை.

அளத்து வேலையில் அறிவு இருக்கிறது. தண்ணியின் கனத்தை 'டிகிரி' என்பார்கள். 24, 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விழும். 29, 30 தாண்டவிட்டால் மக்னீசியம் ஏறிக் கசக்கும், அந்தத் தண்ணியைத் திறந்துவிட வேண்டும். மானியைப் போட்டுப் பார்ப்பது முதலாளி ஆள். பாத்தியின் நிறத்தையும் காலில் படுகிற பதத்தையும் வைத்து, நாளைக்கு வாரலாமா என்று சொல்வது கூலியாள். சம்பளப் புத்தகத்தில் இந்த அறிவுக்குப் பெயர் 'கூலி'. பத்திரிகைப் படத்தில் இதற்குப் பெயர் வெள்ளை அம்பாரம், நீல வானம், தலையில் பெட்டியோடு ஒரு பெண். குஜராத் கட்ச் பக்கத்து அகரியாக்களின் பாதம் சிதையில்கூட வேகாது என்பதை எழுதாத கட்டுரையாளர் அபூர்வம். கால் வேகாதது தெரிகிறது. அந்தக் கால் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறது, என்ன கூலிக்குப் போகிறது என்று அதே கட்டுரையில் தேடிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து அம்மா ஒருத்தி அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் புடிச்சிருக்கான். கண்ணு கூசுறது படத்துல வராதுல்லா?" இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

1995இல் தூத்துக்குடி எழுத்தாளர் ஸ்ரீதர கணேசனின் 'உப்பு வயல்' வந்தது. அளம் இந்த முறை ஊர்க்காரரின், ஒரு தலித்தின் கையால் எழுதப்பட்டது. தமிழில் இது சிறிய விஷயமல்ல. பாமாவின் 'கருக்கு' (1992) வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மராத்தியில் தயா பவார் தன் வாழ்க்கைக் கதைக்கு 'பலூத்' (1978) என்று பெயர் வைத்தார். ஊர் வேலைக்குக் கூலியாக அளந்து போடும் தானியப் பங்குதான் பலூத். வேலையும் கூலியும் சாதியும் ஒரே சொல்லில் கட்டிக் கிடப்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நம்மவர் தொழிலைப் பற்றி எழுதத் தயங்குவதன் காரணமும் அங்கேதான் இருக்கிறது. டாக்டரும் வக்கீலும் தங்கள் தொழிலைப் பற்றி எழுதினால் அது அனுபவம். அவர்களைப் பற்றி நாலு கேலிக்கதை இருந்தாலும் அது உரசிவிட்டுப் போகும். நாம் எழுதினால் முதல் பக்கத்திலேயே சாதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு படிக்கிறவர் எதிர்பார்ப்பதும் முன்கூட்டியே தீர்மானமானது: கூலிக்காரன் என்றால் கந்தலாய் இருக்க வேண்டும், அழ வேண்டும். மீறினால் என்ன நடக்கும் என்பதை 'உப்பு வயல்' வெளிவந்த அதே 1995இல் இதே மாவட்டத்தின் கொடியங்குளம் காட்டியது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து நிமிர்ந்த ஊர் அது. ஆகஸ்ட் 31 அன்று உள்ளே புகுந்த போலீஸ் டிவியையும் மின்விசிறியையும் தையல் மெஷினையும் அடித்து நொறுக்கியது. பள்ளன் வீட்டில் மின்விசிறி சுற்றுவது அந்தச் சித்திரத்தில் இல்லாத காட்சி.

ஆகவே, வேலையை உள்ளபடி எழுதுவது நமக்கு வெறும் இலக்கிய விவகாரமல்ல. ஆனால் உள்ளபடி என்றால் முழுதும் உள்ளபடி. கங்காணி நம்ம ஆளாகவே இருந்தால், அவன் பொம்பளைகளிடம் நடந்துகொண்டதும் வர வேண்டும். ஒரே வேலைக்கு அவளுக்குக் குறைத்துக் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற ஆண் வாய் திறக்காததும் வர வேண்டும். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் மூட்டையின் எடையைப் பொய்யாகச் சொன்ன மேஸ்திரியை ஏமாற்றிய சாமர்த்தியமும், சாயங்காலச் சிரிப்பும் வர வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை அளத்தில் வேலை கிடையாது. மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5000 ரூபாய் என்று அரசு 2022இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தின மழைகளில் அடுப்பு எப்படி எரிந்தது, வட்டிக்கு யார் கொடுத்தார்கள், மழை விட்டதும் அந்தக் கடன் எப்படி உழைப்பாய்க் கழிந்தது? இதை எழுத ராஜம் கிருஷ்ணனாலும் முடியாது, பிசேயாலும் முடியாது.

இந்த இடத்தில் நம்முடைய பத்திரிகைகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கண்ணீர் உள்ள கதைக்கு உடனே இடம் கொடுக்கிறோம். டிகிரி பார்க்கத் தெரிந்த ஒருத்தி தன் வேலையைப் பற்றிப் பெருமையாக எழுதினால், 'இதில் தலித்தியம் எங்கே?' என்று திருப்பி அனுப்புகிறோம். வெளியே இருக்கிறவன் கேட்கிற அதே நுழைவுச் சீட்டை நாமும் வாசலில் நின்று கேட்டால் எப்படி? வலியை மட்டும் அனுமதிக்கிற அழகியல் யாருடைய அழகியல்?

அளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் எழுதட்டும். இலக்கியமாக இருக்க வேண்டும் என்ற பயமே வேண்டாம். எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை பெட்டி சுமந்தீர்கள், கையில் என்ன வந்தது, யார் பிடித்தம் செய்தான், உங்களுக்கு மட்டும் தெரிந்த வேலை நுணுக்கம் என்ன? இவ்வளவு போதும். இரக்கப்பட வருகிறவர்களுக்கு அதில் சாப்பிட ஒன்றும் இருக்காது. உப்பு கரிக்கத்தான் செய்யும்.