உடலியல் மரபுகளும் நம் தரமும்

நம் பக்கத்து உடலியல் ஆய்வு மரபுகளைப் பற்றி எழுதும்படி மன்றத்தின் மலர்க்குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். புதுச்சத்திரத்தில் கூடும் நம் மன்றத்தாருக்கு யார் யாரிடம் பயின்றார் என்று சொல்லத் தேவையில்லை. அவரவர் நெறியை மட்டும் குறிக்கிறேன்.

சென்னை மரபு மூலக்கூறின் வடிவில் தொடங்கும். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனுக்கு மும்முறுக்கு வடிவம் சொன்னார்கள். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் புரதக் கட்டமைப்புக்கு உரைகல். மதுரை மரபு முழு உயிரில் தொடங்கும். எம்.கே. சந்திரசேகரன் வழிவந்தவர்கள் குகை வௌவால்களிடம் உடலின் காலக்கணக்கைப் படித்தார்கள்.

1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபின் வேர்விட்ட எங்கள் நாமக்கல் மரபோ கோழிக்கொட்டகையில் தொடங்கும். எங்கள் ஆசிரியர் முதல் வகுப்பில் கரும்பலகைப் பக்கமே போகமாட்டார். உள்ளங்கையில் தோல்முட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, "இதற்கு ஓடு ஏன் வரவில்லை?" என்பார். பதில் தேடித்தான் செல்லுக்குள் போவோம். முட்டை ஓட்டுச்சுரப்பியில் தங்கும் சுமார் 20 மணி நேரத்தில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் படிகிறது. வாசர்மனும் டெய்லரும் 1966இல் கோழிக்குஞ்சின் குடலில் கண்டு சொன்ன கால்பிண்டின் புரதம் ஓட்டுச்சுரப்பியிலும் கால்சியத்தைக் கடத்துகிறது. கரியமில வாயுவைக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் ஆக்குகிறது. சித்திரை வெயிலில் கோழி வாய்பிளந்து இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடும் மெலிகிறது. கோழி இரைப்பதை நேரில் பார்த்தவனுக்கே நொதியின் வேலை விளங்கும் என்பது ஆசிரியர் வாக்கு.

இன்று ஆய்வு செய்வோரில் சிலர், யாரையும் சுட்டிச் சொல்லவில்லை, திறமைசாலிகளே. ஆனால் கோழியைப் பார்ப்பதில்லை. அண்மையில் என் பார்வைக்கு வந்த ஓர் ஆய்வேட்டில், வெப்பம் தாக்கும்போது செல்களில் கூடும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் அளவு மூன்று தசம இலக்கம்வரை இருந்தது. ரத்தம் எடுத்தபோது கொட்டகையின் வெப்பநிலை என்ன? இல்லை. கோழியின் வயது? இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்த கோழிகள் நிழலில் நின்றனவா? அதுவும் இல்லை. கேட்டதற்கு, "சோதனைக் கிட்டில் அதெல்லாம் கேட்பதில்லைங்க ஐயா" என்று பதில் வந்தது. ரத்தச் செல்களை எண்ணும் ஹீமோசைட்டோமீட்டரில் கோட்டின்மேல் கிடக்கும் செல்லை இருமுறை எண்ணிவிட்டால் மாலைவரை மறுபடி எண்ணவைத்த ஆசிரியர்கள் எங்கே, படிக்காமலே கையெழுத்திடும் வழிகாட்டிகள் எங்கே! பட்டம் வந்தது, பதவி உயர்வு வந்தது, ஆய்வு வரவில்லை. இவர்களிடம் பயில்பவர்கள்தான் நாளை நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள். இரண்டு தலைமுறை இப்படிப் போனால் உடலியல் என்ற துறையே பெயரளவில்தான் மிஞ்சும்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மன்றத்தின் பரிசுக்கு வரும் எந்த ஆய்வும் கொட்டகைக் குறிப்பேட்டோடு வரவேண்டும் என்று இந்த ஆண்டே தீர்மானம் போடுங்கள்.